மண்டைக்குள் எட்டிப் பார்த்த மந்திரி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். காய்ச்சலாவது பரவாயில்லை, நெற்றியில் கை வைத்தால் அடுத்தவருக்கும் சுடும். தலைவலி அப்படியல்ல. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் மற்றவர் நம்பவேண்டியதுதான். வெளியே ஓர் அடையாளமும் தெரியாது.

தலைவலி என்று வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது சாதாரணத் தலைவலிதான். தூக்கம் கெட்டது, பட்டினி கிடந்தது, வெயிலில் அலைந்தது, மனக்கவலை, பரம்பரையாக வரும் ஒற்றைத் தலைவலி என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ஆனால் மிகச் சிலருக்கு மண்டைக்குள்ளே ரத்தக் குழாய்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலால் வரும் தலைவலி வேறு ஜாதி. அது வெறும் வலியோடு நிற்காமல் ஒரு நாள் ஆளையே சாய்த்துவிடக்கூடும்.

உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் மூளைக்குள் ரத்தக் குழாய்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க 1927 வரையில் யாராலும் முடியவில்லை. முதன்முதலில் பார்த்தவர் கத்தி பிடித்துப் பழகிய ரண சிகிச்சை நிபுணரும் அல்ல. எக்ஸ்ரே நிபுணரும் அல்ல. அவர் ஒரு முன்னாள் மந்திரி. தேசத்தின் ஸ்தானிகராக வெளிநாட்டில் இருந்தவர். கீல்வாதத்தினால் கைவிரல்கள் கோணிப்போய், ஊசியைக்கூடத் தாமே போட முடியாதவர்.

அவர் பெயர் எகாஸ் மோனிஸ். போர்ச்சுகல் நாட்டுக்காரர்.

பெயர் வந்த கதை

போர்ச்சுகலின் வடபகுதியில் அவான்கா என்று ஒரு சிற்றூர். அங்கே 1874-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி ஒரு பழைய நிலச்சுவான்தார் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் வழி வந்த பெயர் அந்தோனியோ கயத்தானோ த அப்ரெயு ஃபிரெய்ரே. எகாஸ் மோனிஸ் என்பது ஞானஸ்நானத்தின்போது ஒட்டவைத்த பெயர். ஒட்டவைத்தவர் பாதிரியாராக இருந்த அவருடைய பெரிய தகப்பனார்.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 12-ம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் முதல் அரசருக்கு ஆசானாக இருந்தவர் எகாஸ் மோனிஸ் என்னும் பிரபு. அரசர் சார்பில் அண்டை நாட்டு மன்னனுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். அரசர் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. உடனே பிரபு என்ன செய்தார் தெரியுமா? தம் கழுத்திலும், மனைவி மக்கள் கழுத்திலும் தூக்குக் கயிற்றை மாட்டிக்கொண்டு அந்த மன்னன் முன்னால் போய் நின்றார். சொன்ன சொல் தவறியதற்கு உயிரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மன்னன் மனம் இளகி அனுப்பிவிட்டான் என்று கதை முடிகிறது. தங்கள் குடும்பம் அந்தப் பிரபுவின் வழியில் வந்தது என்பது பாதிரியாரின் நம்பிக்கை. உண்மையோ இல்லையோ, பையனுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

கொயிம்பிரா சர்வகலாசாலையில் மோனிஸ் வைத்தியம் படித்து 1899-ல் பட்டம் பெற்றார். பிறகு பிரான்ஸுக்குப் போய், போர்டோ நகரிலும் பாரிஸிலும் நரம்பு வைத்தியத்தில் பெரும் புகழ் பெற்ற ஆசிரியர்களிடம் பாடம் கேட்டார். நரம்பு நோய் என்றால் பாரிஸ்தான் என்று இருந்த காலம் அது. அங்கே ஏற்பட்ட பழக்கங்கள் பின்னால் பெரிதும் உதவின.

படிக்கிற நாளிலேயே அவருக்குக் கீல்வாதம் வந்துவிட்டது. இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுக்குள் கைமூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. வாழ்நாள் முழுவதும் அது அவரை விடவில்லை.

அரசியலில் பதினாறு ஆண்டுகள்

வைத்தியரானவர் வைத்தியத்தோடு நின்றாரா என்றால், இல்லை. 1903-ல் பார்லிமெண்டு அங்கத்தினரானார். மன்னராட்சி மீது அதிருப்தி முற்றிய காலம். 1908-ல் ஓர் ஆட்சி மாற்ற முயற்சியில் சம்பந்தப்பட்டுச் சிறைக்கும் போனார். 1910-ல் மன்னர் நாட்டைவிட்டு ஓடினார், குடியரசு ஏற்பட்டது. மறு வருஷமே லிஸ்பன் நகரில் புதிதாக அமைந்த சர்வகலாசாலையில் நரம்பியல் பேராசிரியர் பதவி மோனிஸுக்குக் கிடைத்தது.

முதல் உலக யுத்தத்தின்போது ஸ்பெயின் தேசத்துக்கு ஸ்தானிகராகப் போனார். 1918-ல் வெளிநாட்டு மந்திரி. யுத்தம் முடிந்து பாரிஸில் சமாதான மகாநாடு கூடியபோது போர்ச்சுகல் தூதுகோஷ்டிக்குத் தலைமை வகித்துச் சென்றதும் அவரே. ஆனால் அவரை மந்திரியாக்கிய ஜனாதிபதி 1918 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆட்சி கைமாறியது. 1919-ல் மோனிஸ் அரசியலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்.

அப்போது அவருக்கு வயது 44. அதுவரை விஞ்ஞானத்தில் அவர் பெயர் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வயதில் பதவியை இழந்த அரசியல்வாதிகள் பெரும்பாலும் தன்சரிதை எழுத உட்கார்ந்துவிடுவார்கள். இவர் தம் தொழிலை ஆரம்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓய்ந்த நேரத்தில் சீட்டாட்டம் பிடிக்கும். சீட்டுக்கட்டின் சரித்திரத்தைப்பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நமக்கு இன்னும் சுவையான சேதி ஒன்று உண்டு. கோவாவில் கண்டோலிம் என்ற ஊரில் 1756-ல் பிறந்து, பாரிஸுக்குப் போய் மனோவசியக் கலையில் பெயர் பெற்றவர் அபே ஃபரியா என்ற பாதிரியார். மாண்டி கிறிஸ்டோ பிரபுவின் கதையில் சிறைக்குள் சுரங்கம் தோண்டும் கிழப் பாதிரியாரின் பெயர் இவரிடமிருந்து எடுத்ததுதான். தூங்கவைப்பது வசியக்காரனின் கையிலிருந்து பாயும் சக்தியல்ல, தூங்குகிறவனின் மனமே என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் இந்தக் கோவாக்காரர். அவரைப்பற்றி ஆராய்ந்து 1925-ல் மோனிஸ் ஒரு நூல் வெளியிட்டார்.

எலும்பு தெரியும், மூளை தெரியாது

எக்ஸ்ரே 1895-ல் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கை கால் முறிந்தால் படம் பிடித்துப் பார்த்துவிடலாம். தலையைப் படம் பிடித்தால் மண்டையோடு தெரியும். உள்ளே இருக்கும் மூளை தெரியாது. கட்டி இருந்தாலும் தெரியாது, குழாய் வீங்கியிருந்தாலும் தெரியாது.

1918-ல் அமெரிக்காவில் டாண்டி என்ற ரண சிகிச்சை நிபுணர் ஒரு வழி கண்டார். மண்டையில் துளை போட்டு, மூளையின் அறைகளில் உள்ள நீரை வாங்கிவிட்டுக் காற்றை நிரப்பிப் படம் எடுப்பது. பலன் இருந்தது. ஆனால் நோயாளி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல, இறந்தவர்களும் உண்டு.

மோனிஸின் எண்ணம் வேறு வழியில் போனது. மூளைக்குள் போகாத இடம் எது? ரத்தம் போகாத இடமே இல்லை. ஆகவே எக்ஸ்ரே ஊடுருவாத ஒரு மருந்தை ரத்தத்தோடு கலந்து அனுப்பினால், அது போகிற வழியெல்லாம் படத்தில் கோடு கோடாக விழும். மூளையில் கட்டி இருந்தால் அந்தக் கோடுகள் இடம் விலகிப் போயிருக்கும். விலகலை வைத்துக் கட்டி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம்.

எண்ணம் எளிது. மருந்து எங்கே? படத்தில் விழவேண்டும், மூளைக்கு நஞ்சாகக் கூடாது, சில விநாடிகளில் கரைந்து போய்விட வேண்டும். மோனிஸும் இளைஞரான அல்மேய்தா லிமாவும் இதைத் தேடி மாதக்கணக்கில் அலைந்தார்கள். ஒவ்வோர் உப்பாகக் கரைத்து எக்ஸ்ரேக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள். நாய்களுக்கும் முயல்களுக்கும் ஊசி போட்டார்கள். இறந்தவர்களின் தலைகளைத் தருவித்து, கழுத்துக் குழாய் வழியே மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். மூளையில் எந்தக் குழாய் எந்தப் பக்கம் வளையும், எங்கே கிளை பிரியும் என்பதை அந்தத் தலைகளில்தான் கற்றுக்கொண்டார்கள். வேலை முழுவதிலும் கை அல்மேய்தா லிமாவினுடையது. பேராசிரியரின் கோணிய விரல்கள் பக்கத்தில் நின்று சுட்டிக்காட்ட மட்டுமே உதவின.

ஒன்பதாவது நோயாளி

பிறகு மனிதர்கள். முதலில் பயன்படுத்தியது ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு. தோலுக்கு மேலிருந்தே கழுத்துத் தமனியில் ஊசியைக் குத்தினார்கள். முதல் சிலருக்குப் படத்தில் ஒன்றும் உருப்படியாக விழவில்லை. பிறகு நடுக்குவாதத்தால் அவதிப்பட்ட ஒருவருக்கு ஊசி போட்டார்கள். குழாய்கள் கொஞ்சம் தெரிந்தன. ஆனால் அந்த நோயாளி இறந்துபோனார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பார்க்கப்போன இடத்தில் ஓர் உயிர் போய்விட்டது. மோனிஸ் வேலையை நிறுத்தினார். மருந்தே தவறு என்று முடிவு செய்தார். மறுபடியும் பரிசோதனைச் சாலைக்குப் போய், 25 சதவிகித சோடியம் அயோடைடு கரைசலுக்கு மாறினார். தோலுக்கு மேலிருந்து குத்துவதையும் விட்டார். கழுத்தில் சிறிது கீறித் தமனியை வெளியே எடுத்து, கண்ணெதிரே ஊசியைச் செலுத்துவது என்று ஏற்பாடாயிற்று.

1927-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி. லிஸ்பன் சாந்தா மார்த்தா ஆஸ்பத்திரி. ஒன்பதாவது நோயாளி 20 வயது வாலிபர். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் அவருக்குக் கட்டி. தமனியை ஒரு கணம் இறுக்கிப் பிடித்து, மருந்தைச் செலுத்தி, படத்தை எடுத்தார்கள். தகட்டைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, உயிருள்ள மனிதனின் மூளைத் தமனிகள் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தன. கட்டி தள்ளிவிட்டதால் அவை இடம் பெயர்ந்து ஓடின. மோனிஸ் நினைத்தபடியே இருந்தது.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஜூலை 7-ந் தேதி பாரிஸில் நரம்பியல் சங்கத்தின் கூட்டத்தில் படங்களோடு போய் நின்றார். அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஊர் அல்லவா? அப்போது மோனிஸுக்கு வயது 52.

இன்று மாரடைப்பு என்றால் ஆஞ்சியோ எடுத்தாயிற்றா என்று தெருவில் போகிறவர்கூடக் கேட்கிறார். அந்த ஆஞ்சியோ பிறந்தது இதயத்துக்காக அல்ல. இதயத்துக்கு முன்பே அது தலைக்கு வந்துவிட்டது.

வாய்க்காலும் வடிகாலும்

மோனிஸ் தேடியது கட்டியை. ஆனால் அவருடைய படம் கட்டியைவிட நன்றாகக் காட்டியது வேறொன்றை. ரத்தக் குழாயின் குறையைக் காட்டுவதற்கு ரத்தக் குழாயின் படத்தைவிடச் சிறந்தது எது?

ரத்த ஓட்டத்தை வயல் பாசனத்தோடு ஒப்பிடலாம். ஆற்றிலிருந்து பெரிய வாய்க்கால். அதிலிருந்து சிறு வாய்க்கால்கள். பிறகு தண்ணீர் வயலில் மெல்லப் பரவும். மிச்சம் வடிகால் வழியே வெளியேறும். தமனிதான் வாய்க்கால். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள்தான் வயல். சிரை என்பது வடிகால். வாய்க்காலில் வேகம் அதிகம், கரையும் பலமானது. வடிகாலில் வேகம் இல்லை, கரையும் மெல்லியது.

சிலருக்குப் பெரும்பாலும் பிறவிக் குறையாக மூளையின் ஓரிடத்தில் வயல் அமையாமலே போய்விடுகிறது. வாய்க்கால் நேரே வடிகாலில் உடைத்துக்கொண்டு பாய்கிறது. தமனியின் வேகம் முழுவதையும் மெல்லிய சிரை தாங்க வேண்டியிருக்கிறது. சிரை புடைக்கிறது, வளைகிறது, நெளிகிறது. புழுக்கூட்டம்போல் ஒரு பின்னல் உண்டாகிறது. தமனி சிரைப் பின்னல் என்று இதைச் சொல்லலாம். லட்சம் பேரில் பத்து முதல் பதினெட்டுப் பேருக்கு இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. இருப்பது தெரியாமலே கிழவயதாகிப் போகிறவர்களும் உண்டு.

மூளைக்கு வலி தெரியாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வலி தெரிவது அதைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கும் ரத்தக் குழாய்களின் சுவருக்கும்தான். பின்னலும் அதன் வேகமும் அவற்றை இழுத்து நெருக்கும்போது தலை வலிக்கிறது. பார்ப்பதற்கு அசல் ஒற்றைத் தலைவலி மாதிரியே இருக்கும். பின்னல் பின்மூளையில் இருந்தால் கண்ணில் மின்னல் வெட்டுவதும் உண்டு. சாதாரண ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் இடம் வலம் மாறி மாறி வரும். பின்னலால் வருவது அநேகமாக எப்போதும் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு வகையில், மூளையின் மேற்சவ்விலேயே தமனியும் சிரையும் கலந்துவிடும். அப்போது நாடி அடிப்பதற்கு ஏற்றபடி ஒரு காதில் உஸ், உஸ் என்று சப்தம் கேட்கும். இரவில் தலையணையில் சாய்ந்தால் இன்னும் பலமாகக் கேட்கும்.

பயப்பட வேண்டியது வெடிப்புக்கு. பின்னல் இருப்பவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் நாலு பேருக்கு ரத்தம் கசிகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தத் தலைவலி மண்டையில் இடி விழுந்ததுபோல் ஒரே நொடியில் வரும். ஆயுளில் இப்படி வலித்ததே இல்லை என்று நோயாளியே சொல்வார். அந்த மாதிரித் தலைவலியோடு வாந்தி, வலிப்பு, கை கால் விழுதல், பேச்சுக் குழறல் இருந்தால் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மோனிஸுக்கு முந்திய வைத்தியர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. இறந்தவர் மூளையில் பார்த்து 19-ம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். உயிரோடிருப்பவரிடம் கண்டுபிடிக்க வழிதான் இல்லை. மண்டையில் குழாயை வைத்துச் சப்தம் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். கட்டி என்று நினைத்து மண்டையைத் திறப்பார்கள். உள்ளே துடிக்கும் சர்ப்பக்கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தொட்டால் ரத்தம் பீறிடும் என்று பயந்து அப்படியே மூடிவிடுவார்கள். 1928-ல் அமெரிக்காவின் இரு பெரும் நிபுணர்களான குஷிங்கும் டாண்டியும் தங்கள் அனுபவங்களைத் தனித்தனியே வெளியிட்டார்கள். இருவர் எழுத்திலும் நம்பிக்கையைக் காணோம்.

லிஸ்பனிலோ வேலை நடந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு படம் போதாது, ரத்தம் ஓடுவதை அடுத்தடுத்துப் படம் பிடிக்க வேண்டும் என்பது மோனிஸின் அடுத்த ஆசை. அவருடன் வேலை செய்த பெரெய்ரா கால்தாஷ் என்ற எக்ஸ்ரே நிபுணர் அதற்கு ஓர் இயந்திரம் செய்தார். குடை ராட்டினம்போல் சுழன்று, விநாடிக்கு ஒன்றாகத் தகடுகளை மாற்றித் தரும் இயந்திரம் அது. இப்போது தமனி முதலில், பிறகு நுண்குழாய், பிறகு சிரை என்று வரிசை தெரிந்தது. வயல் இல்லாத இடத்தில் இந்த வரிசை குலைந்துபோகும். மற்ற தமனிகளில் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிரை கறுத்துப் பளிச்சென்று தெரியும். முறைக்கு முந்தி வந்த அந்தச் சிரையே பின்னலின் அடையாளம்.

1932-ல் ஸ்டாக்ஹோம் நகரத்து ரண சிகிச்சை நிபுணர் ஓலிவெக்ரோனா இத்தகைய பின்னல் ஒன்றை முழுவதுமாக வெட்டியெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில், எந்தக் குழாய் பின்னலுக்குத் தீனி போடுகிறது, எதை முதலில் கட்ட வேண்டும் என்பதைப் படத்தில் பார்த்துத் தீர்மானித்த பிறகே கத்தியை எடுப்பது என்ற நிலை வந்தது.

மருந்தில் ஒரு மறைந்த தீ

கதை இத்தோடு முடிந்தால் மோனிஸை மகான் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். முடியவில்லையே!

சோடியம் அயோடைடு செலுத்தும்போது வலித்தது. சிலருக்கு வலிப்பும் வந்தது. 1931-ல் தோரோட்ராஸ்ட் என்ற மருந்து கிடைத்தது. படம் அற்புதமாக விழும். நோயாளிக்கு வலியே இல்லை. மோனிஸும் அவரைப் பார்த்து உலகமும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதில் இருந்தது தோரியம். கதிர் வீசும் பொருள். உடம்பைவிட்டு வெளியேறாமல் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடும். அதன் வீரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டு ஆகும்! இருபது, முப்பது வருஷம் கழித்து அந்த நோயாளிகள் பலருக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. 1950-களில் அதைக் கைவிட்டார்கள். அதற்குள் உலகெங்கும் அது பலர் உடம்பில் ஏறிவிட்டது.

இதில் மோனிஸை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் கதிரின் கொடுமை முழுவதும் தெரியாது. அடுத்து வருவது அப்படியல்ல.

பார்த்தவர் வெட்டத் துணிந்தார்

1935 ஆகஸ்டு மாதம் லண்டனில் உலக நரம்பியல் மகாநாடு. மோனிஸ் தம் மூளைப் படங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார். அங்கே அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு பரிசோதனையைப்பற்றிப் பேசினார்கள். சிம்பன்சிக் குரங்கு ஒன்றின் முன்மூளையை அகற்றியபின் அதன் கோபதாபங்கள் அடங்கிவிட்டன என்பது சேதி. மனநோயாளிகளின் முன்மூளை நரம்பிழைகளைத் துண்டித்தால் அவர்கள் துன்பம் தீரும் என்ற எண்ணத்தில் மோனிஸ் ஊர் திரும்பினார்.

மூன்று மாதம்தான். 1935 நவம்பர் 12-ந் தேதி அவர் சொல்ல, அல்மேய்தா லிமா ஒரு பெண்மணியின் மண்டையில் இரு துளைகள் போட்டு முன்மூளையில் சாராயச் சத்தைச் செலுத்தினார். பிறகு நரம்பிழைகளை வெட்ட ஒரு கம்பிக் கருவி செய்துகொண்டார்கள். 20 பேருக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. ஏழு பேர் குணம், ஏழு பேருக்கு அபிவிருத்தி, ஆறு பேருக்கு மாற்றமில்லை என்று கணக்குக் காட்டி 1936-லேயே புத்தகம் வெளியிட்டுவிட்டார்.

மூளையைப் படம் பிடிக்க நாய், முயல், பிரேதம் என்று மாதக்கணக்கில் பாடுபட்டவர் இவர். ஓர் உயிர் போனதும் நிறுத்தி மருந்தை மாற்றியவர் இவர். அதே மனிதர் மூளையை வெட்டுவதற்கு ஒரு பிராணியிடமும் முன்கூட்டிச் சோதிக்கவில்லை. வெட்டியபின் நோயாளிகள் எப்படியிருக்கிறார்கள் என்று நெடுநாள் காத்திருந்து பார்க்கவும் இல்லை. முன்னதில் இருந்த பொறுமை பின்னதில் எங்கே போயிற்று? வயது அறுபதைத் தாண்டிவிட்ட அவசரம் என்பார் சிலர். கதியற்றுக் கிடந்த மனநோயாளிகளுக்கு அன்று வேறு வைத்தியமே இல்லை என்பார் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனாலும் அந்த நோயாளிகளிடம் சம்மதம் கேட்கும் நிலையே இல்லை என்பதை மறந்துவிட முடியாது.

அமெரிக்காவில் ஃபிரீமன் என்ற டாக்டர் இதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். லண்டன் மகாநாட்டில் மோனிஸின் படங்களுக்குப் பக்கத்திலேயே காட்சி வைத்திருந்தவர் அவர். பல்லாயிரம் பேர் மூளையில் கத்தி பாய்ந்தது. சாந்தமானவர்கள் உண்டு. சுறுசுறுப்பும் ஆசையும் அன்பும் வற்றி, நடமாடும் நிழலாகிப் போனவர்கள் அதைவிட அதிகம். 1952-க்குப் பிறகு மனநோய்க்கு மருந்துகள் வந்ததும் அந்தக் கத்தி மெல்ல மெல்ல ஒதுங்கியது.

பரிசு எதற்கு?

இனித்தான் விசித்திரம். மூளைப் படத்துக்காக மோனிஸின் பெயர் 1928-லும் 1933-லும் நோபல் பரிசுக்குச் சிபாரிசு செய்யப்பட்டது. கிடைக்கவில்லை. 1949-ல் நோபல் பரிசு வந்தது. எதற்காக? மூளையைப் பார்த்ததற்காக அல்ல, வெட்டியதற்காக! ஸ்விட்ஸர்லாந்து தேசத்து விஞ்ஞானி ஹெஸ் என்பவருடன் பகிர்ந்துகொண்ட பரிசு அது. வைத்தியத்தில் நோபல் பரிசு பெற்ற முதல் போர்ச்சுகீசியர் இவரே.

வெட்டுப்பட்டவர்களின் குடும்பத்தார் சிலர் அந்தப் பரிசைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2000-க்குப் பிறகுகூடக் கேட்டார்கள். நோபல் ஸ்தாபனம் இணங்கவில்லை.

1939-ல் மோனிஸின் வைத்திய அறைக்குள் ஒரு மனநோயாளி துப்பாக்கியோடு நுழைந்து அவரைப் பல தடவை சுட்டுவிட்டார். அவர் மூளை வெட்டுப்பட்டவர் அல்ல. மோனிஸ் ஆச்சரியமாகப் பிழைத்து, மீண்டும் வேலைக்கு வந்தார். 70 வயதில் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு. 1955 டிசம்பர் 13-ந் தேதி லிஸ்பனில் 81-வது வயதில் காலமானார். குழந்தைகள் இல்லை. அவான்காவில் அவர் பிறந்த வீட்டை 1968-ல் காட்சிசாலையாகத் திறந்தார்கள். லிஸ்பனில் ஓர் ஆஸ்பத்திரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. யூரோ நாணயம் வருவதற்கு முன் போர்ச்சுகலில் புழங்கிய 10,000 எஸ்குடோ நோட்டிலும் அவர் முகம் இருந்தது.

இன்றைய நிலை

கழுத்தைக் கீறிக் குத்தும் முறை இன்று இல்லை. 1953-ல் ஸ்வீடனைச் சேர்ந்த செல்டிங்கர் காட்டிய வழியில், தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் ஊசி குத்தி, மெல்லிய கம்பியின் மேல் குழாயை ஏற்றி, அங்கிருந்தே மூளை வரை போகிறார்கள். எலும்பின் நிழலைக் கம்ப்யூட்டரே கழித்துவிட்டு ரத்தக் குழாயை மட்டும் காட்டுகிறது. தோரியத்துக்கு வேலை இல்லை. தீங்கு குறைந்த அயோடின் மருந்துகள் வந்துவிட்டன.

மோனிஸின் படத்துக்கும் எட்டாத பின்னல்கள் உண்டு. நாவற்பழக் கொத்துப்போல் சிறு சிறு ரத்தப் பைகள் சேர்ந்த ஒரு வகை, இருநூறு பேரில் ஒருவர் மூளையில் இருக்கிறது. அதில் ரத்தம் ஊர்ந்து செல்வதால் மருந்து போய்ச் சேராது, படம் விழாது. எம்.ஆர்.ஐ. வந்த பிறகுதான் அது வெளிப்பட்டது. பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

தமனி சிரைப் பின்னலுக்கு இன்று மூன்று வழிகள். நுண்ணோக்கியின் உதவியால் வெட்டியெடுப்பது ஒன்று. குழாய் வழியே பசைபோன்ற மருந்தைச் செலுத்தி அடைப்பது மற்றொன்று. வெளியிலிருந்தே கூர்மையாகக் கதிர்களைப் பாய்ச்சி இரண்டு மூன்று ஆண்டுகளில் மூடவைப்பது இன்னொன்று. நாலாவதாகவும் ஒன்று உண்டு, சும்மா விடுவது. ரத்தம் கசியாத பின்னல்களைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2014-ல் வெளிவந்தது. கை வைத்தவர்களைவிட, வலிக்கும் வலிப்புக்கும் மட்டும் மருந்து கொடுத்துக் கவனித்துவந்தவர்களே அந்தச் சில ஆண்டுகளில் நலமாக இருந்தார்கள் என்று அது சொன்னது. நிபுணர்களிடையே இதைப்பற்றி வாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னலின் அளவு, இடம், வடிகால் எப்படி என்று பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

முடிவு செய்வதற்கு முன் அந்தப் படத்தை எடுக்கிறார்கள். நோயாளி மேஜைமேல் அசையாமல் படுத்திருக்க, மருந்து தலைக்குள் ஏறும்போது முகத்தின் ஒரு பக்கம் கதகதவென்று சுடும். பக்கத்து அறையில் டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தமனிகள் மரக்கிளைபோல் விரியும்போதே, முறைக்கு முந்தி ஏதாவது ஒரு சிரை கறுக்கிறதா என்பதுதான் அவர் தேடுவது.